இருபத்தோராவது குழல்

தச்சநல்லூர் பூதலிங்கனார் நினைவு மெட்ரிகுலேஷன் பள்ளியின் செயலாளர் குமரகுருபரன் ஜெர்மனிக்குப் போனது மகளுடைய பிரசவத்துக்கு. திரும்பி வரும்போது அது கல்விச் சுற்றுப்பயணமாக மாறியிருந்தது. பதினேழு நாளில் அவர் பார்த்தவை மகள் வீட்டு அடுக்களை, பேத்தியின் தொட்டில், ஜன்னலுக்கு எதிரே இருந்த ஒரு மழலையர் பள்ளி. மற்றபடி வெளியே குளிர். ஆனால் பள்ளி வாசலில் வைத்த ஃப்ளெக்ஸில் அவர் கோட்டு அணிந்து, பின்னால் பெரிய கோட்டை ஒன்று தெரிய, 'ஐரோப்பா கண்ட கல்விக் காவலரே, வருக' என்ற வரிக்குக் கீழே நின்றார். கோட்டு மருமகனுடையது. கோட்டை ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கொடுத்தது.

பூதலிங்கனார் என்பது அவருடைய அப்பா. உயிரோடிருந்தவரை ஊருக்கு அவர் வெறும் பூதலிங்கம்தான். இறந்து, பள்ளிக்குப் பெயரான பிறகே 'ஆர்' சேர்ந்தது. மகனுக்கு அவ்வளவு காலம் காத்திருக்கப் பொறுமையில்லை.

வந்த மறுவாரம் ஆசிரியர் கூட்டம் போட்டார்.

"நாலு வயசுப் பிள்ளைய, ஆளுக்கு ஒரு குழல வச்சுக்கிட்டு என்னமா ஊதுதுவ தெரியுமா? நாதஸ்வரம் மாதிரி நேராப் பிடிச்சு, நுனிய உதட்டுல வச்சு. இப்படி ஒண்ணு இருக்குன்னு நம்ம ஊர்ல ஒருத்தருக்காவது தெரியுமா?"

பின்வரிசையில் பாட்டு டீச்சர் மார்கரெட் எழுந்தாள்.

"அது ரெக்கார்டர் சார். நம்ம பிள்ளைய ரெண்டு வருசமா மாடியில வாசிக்குதுவளே."

தலைமையாசிரியை ராஜராஜேஸ்வரி மின்விசிறியை உற்றுப் பார்த்தார்.

"எந்த மாடியில?"

"நம்ம மாடியிலதான் சார்."

செயலாளருக்கு முழங்கால் வலி. மாடி ஏறிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு பிள்ளை ஓடிப்போய் ஒரு ரெக்கார்டரை எடுத்து வந்தது. மார்கரெட் தன் கைக்காசில் சென்னையிலிருந்து பார்சலில் வரவழைத்தவற்றில் ஒன்று. பிள்ளைகளுக்கு இருபது, தனக்கு ஒன்று. செயலாளர் அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இது பிளாஸ்டிக்லா?"

"படிக்கிற பிள்ளையளுக்கு இதுதான் சார் நல்லது. எச்சில் பட்டா சோப்புத் தண்ணியில கழுவிரலாம். கீழ போட்டா ஒடையாது. வெயிலுக்கு மாறாது. இருவதும் ஒரே சுருதியில நிக்கும். மரம்னா பச்சப்பிள்ள மாதிரி வளக்கணும்."

"வளப்போம்" என்றார் செயலாளர். யார் வளர்ப்பது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

மார்கரெட்டின் ஊர் மணப்பாடு. கணவன் டைட்டஸுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. இந்தப் பள்ளியில் அவள் ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். ஒவ்வொரு ஜூனிலும் ஒரு தாள் வரும்: மறு உத்தரவு வரும்வரை. மறு உத்தரவு என்பது அடுத்த ஜூனில் வரும் இன்னொரு தாள். நிரந்தரமாக்கக் கேட்கும்போதெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு விதி உண்டு: நாற்பத்தைந்து வயது முடிந்த யாரையும் நிரந்தரப் பணியில் எடுக்கக்கூடாது. நவம்பர் ஒன்பதாம் தேதி மார்கரெட்டுக்கு நாற்பத்தைந்து முடிகிறது.

கூட்டம் முடிந்ததும் செயலாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"விஜயதசமி விழாவுல இருவது பிள்ளைய ஜெர்மன் குழல் வாசிக்கணும். நடுவுல நான் தனியா ஒரு அஞ்சு ஸ்வரம் வாசிப்பேன். அன்னைக்கு மேடையில வச்சே உங்க ஆர்டர உங்க கையில குடுத்துருதேன். சரிதானா?"

"சரி சார். நீங்க முந்தி ஏதாவது வாசிச்சிருக்கியளா?"

"இல்ல. ஆனா எனக்கு ஞானம் உண்டு."

ஆகஸ்ட் கடைசியில் மகளுக்குத் தெரிந்த யாரோ வழியாக ஜெர்மனியிலிருந்து பெட்டி வந்தது. பேரிக்காய் மரத்தில் கடைந்த இருபத்தொரு குழல்கள், ஒவ்வொன்றும் துணிப்பையில். மார்கரெட் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். நல்ல வேலைப்பாடு என்பதை அவள் மறுக்கவில்லை. ஆனால் மரக்குழல் வந்த அன்றே கச்சேரி வாசிக்காது. முதல் இரண்டு வாரம் நாளுக்குப் பத்து நிமிஷத்துக்குமேல் ஊதக்கூடாது. ஊதினால் மூச்சின் ஈரத்தில் மரம் உப்பி வெடிக்கும். ஊதுமுன் கக்கத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டும். ஊதி முடித்ததும் மூன்று துண்டாகக் கழற்றி, உள்ளே துணிவிட்டுத் துடைத்து, நிழலில் ஆறப்போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாய்ப்பகுதிக்குச் சற்றுக் கீழே சின்ன ஜன்னல்போல ஒரு வெட்டு இருக்கிறதே, அதைத் தொடவே கூடாது. மூச்சு அந்த ஜன்னலின் கூர்மையான விளிம்பில் மோதித்தான் நாதம் பிறக்கிறது. அங்கே ஒரு தூசி உட்கார்ந்தாலும் குழல் ஊமை.

இதையெல்லாம் சார்ட் பேப்பரில் எழுதி மாடியறையில் ஒட்டினாள். பிள்ளைகள் படித்தார்கள். மாடி ஏறாதவர்கள் படிக்கவில்லை.

பாட்டுக்கு மோகனத்தில் ஒரு சின்ன மெட்டைத் தானே கட்டினாள். ஐந்து ஸ்வரம்தான், துளையைப் பாதி மூடும் சிக்கல் இல்லை. பிள்ளைகள் மரத்தில் பத்து நிமிஷமும் மீதி நேரம் பழைய பிளாஸ்டிக்கிலும் பயிற்சி செய்தார்கள். ஆறாம் வகுப்புச் சங்கரி ஒருநாள் கேட்டாள்: "டீச்சர், மரக்குழலுக்கு நாம வாசிக்கோமா, இல்ல அது நமக்கு வாசிக்கா?" மார்கரெட் அவள் குழலை வாங்கித் துணிவிட்டுத் துடைத்தாள்.

செயலாளருக்குப் பயிற்சி கீழே, அவருடைய அறையில், ஏசியில். தினமும் நாலரை மணிக்கு.

ரெக்கார்டரில் ஒரு கோளாறு. அதற்கு அதிகாரம் புரியாது. வெந்நீரை ஆற்ற ஊதுவதைவிட மெதுவாக ஊதினால் பாடும். அழுத்தி ஊதினால் வாலை மிதித்த பூனையாகக் கத்தும். குமரகுருபரனோ ஆயுளில் எதையும் மெதுவாகச் சொன்னவர் அல்ல. காலையில் பிரார்த்தனைக் கூட்டத்தில் மைக்கே வேண்டாம் என்பார், மைக்கையும் விடமாட்டார்.

"பைய ஊதுங்க சார்."

கீய்ங்.

"இன்னும் பைய. மூச்சு விடுத மாதிரி."

கீய்ங்ங்.

"என்னம்மா இது, ஓட்டைக் குழலக் குடுத்திருக்கியளா?"

"குழல்னா ஓட்டை இருக்கும் சார்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு மாதத்தில் ஐந்து ஸ்வரத்தில் மூன்று பிடிபட்டது. மீதி இரண்டை அவர் ஐரோப்பிய பாணி என்றார். மார்கரெட் விட்டுவிட்டாள். நவம்பர் ஒன்பதை நினைத்துக்கொண்டால் எந்த பாணியும் காதுக்குப் பழகும்.

ஆயுத பூஜை வந்தது. பள்ளியில் எல்லாவற்றுக்கும் பூஜை: வேன், தண்ணீர் மோட்டார், மணி, ஜெராக்ஸ் மிஷின், பிரம்பு. செயலாளர் இருபத்தொரு குழலையும் கீழே இறக்கச் சொன்னார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் சிவப்புப் பட்டு விரித்து வரிசையாக அடுக்கியாயிற்று. அலங்காரப் பொறுப்பு டிரில் மாஸ்டர் இசக்கிமுருகனுக்கு. வேனுக்கு எலுமிச்சம்பழம் கட்டி முடித்துவிட்டு, கிண்ணத்தில் குழைத்த சந்தனத்தோடு குழல்களிடம் வந்தார்.

சந்தனப் பொட்டை எங்கே வைப்பது? நீளமான உருண்டைத் தடி. மேலே துளைகள். நெற்றி மாதிரி ஓர் இடம் தேடினார். இருந்தது. வாய்க்குக் கீழே, நேர் நடுவில், பொட்டு வைப்பதற்கென்றே செதுக்கினாற்போல ஒரு சின்னப் பள்ளம். இருபதிலும் கட்டைவிரலால் அழுத்திப் பூசி, மேலே குங்குமம் வைத்தார். செயலாளருடைய குழல் தனியாகப் பித்தளைத் தட்டில் இருந்தது. அதற்கு மரியாதைக்குத் தக்க அளவு, இரண்டு மடங்கு.

மத்தியானம் மூன்று மணிக்குச் சுண்டல் வாங்க வந்த மார்கரெட் அதைப் பார்த்தாள். சுண்டல் கையிலேயே நின்றது. நேராகச் செயலாளரிடம் போனாள்.

"சார், அந்த எடத்துல எதுவும் படக்கூடாது. காய்ஞ்சா சத்தமே வராது. இப்பவே ஈரத்துணியால எடுத்துருதேன். அஞ்சு நிமிசம் போதும்."

செயலாளர் பக்கத்தில் நின்ற இரண்டு பெற்றோரையும் பார்த்துப் புன்னகை செய்தார். பிறகு அவளிடம், குழந்தைக்குச் சொல்வதுபோல:

"பூஜையில வச்சத மறுபூஜை முடியாம தொடக்கூடாதும்மா. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. உங்க மேல தப்பில்ல. நீங்க வேற."

'நீங்க வேற' என்பதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப இதமாகச் சொன்னார். பெற்றோரும் இதமாகத் தலையாட்டினார்கள்.

"மறுபூஜை எத்தன மணிக்கு சார்?"

"நாளைக்குக் காலையில ஒம்பதே முக்காலுக்கு."

"நிகழ்ச்சி பத்து மணிக்கு சார்."

"அதான் முழுசாக் கால் மணி நேரம் இருக்கே!"

மார்கரெட் மாடிக்குப் போய் பிளாஸ்டிக் குழல்கள் இருபதையும் ஒரு கோணிப்பையில் போட்டுப் பாளையங்கோட்டை வீட்டுக்கு எடுத்துப்போனாள். சோப்புத் தண்ணீரில் கழுவி, மொட்டைமாடியில் பத்தமடைப் பாயை விரித்துக் காயவைத்தாள். தன்னுடையதையும் சேர்த்து இருபத்தொன்று.

மறுநாள் மறுபூஜை ஒன்பதே முக்காலுக்கு ஆரம்பித்து ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த வகுப்பறையில் மார்கரெட் மரக்குழல்களை ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தாள். ஃபூ. அடுத்தது, ஃபூ. ஆறாவதோடு நிறுத்தினாள். சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது. ஊறவைத்து எடுக்க நேரமில்லை. ஊசி வைத்துச் சுரண்டலாம். விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் அந்தக் குழல் வாழ்நாளுக்கும் அவ்வளவுதான். கோணிப்பையை அவிழ்த்தாள்.

"சார் பாத்தா?" என்றார் ராஜராஜேஸ்வரி. அவர் கையில் இன்னொரு தட்டு இருந்தது. அதில் வெற்றிலை பாக்கு, ஒரு வெள்ளை உறை. உறையில் மார்கரெட்டின் பெயர் டைப் செய்திருந்தது.

"சத்தம் வரணுமா வேண்டாமா டீச்சர்?" என்றாள் மார்கரெட்.

ராஜராஜேஸ்வரி இங்கும் மின்விசிறியைத் தேடினார். அந்த அறையில் மின்விசிறி இல்லை.

பிள்ளைகள் பிளாஸ்டிக்கோடு மேடையில் ஏறினார்கள். அவை யானைத் தந்த நிறம். பத்தடி தூரத்தில் எதுவென்று தெரியாது. தலைமை விருந்தினர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. அவருக்குப் பக்கத்தில் செயலாளர், பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. அவருடைய குழல் பூஜையிலிருந்து பித்தளைத் தட்டோடு நேராக மேடைக்கு வந்து அவர் கைக்குப் போயிற்று.

மார்கரெட் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றாள். கையில் அவளுடைய குழல், முதல் ஸ்வரம் காட்டுவதற்கு. செயலாளர் எழுந்து மைக்குக்கு வந்தார். அவளுக்கும் அவருக்கும் நாலு எட்டுத் தூரம். அவர் குழலில் சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம் வெடித்திருந்தது. அதை அவள் நன்றாகப் பார்த்தாள். 'சார், இத வச்சுக்கோங்க' என்று நீட்டினால் போதும். ஸ்வரத்தை வாயால் பாடியே காட்டியிருக்கலாம். பிள்ளைகள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் தன் குழலை உதட்டில் வைத்து ஸ்வரம் காட்டினாள். கையை உயர்த்தினாள்.

பிள்ளைகள் வாசித்தார்கள். இருபது மூச்சும் ஒரே மூச்சாக வந்தது. மைதானத்தில் பேசிக்கொண்டிருந்த ஜனம் பேச்சை நிறுத்தியது. குல்ஃபி வண்டிக்காரர் மணியைக் கையால் பொத்திக்கொண்டார். மெட்டு இரண்டு சுற்று முடிந்து, பயிற்சியில் சொன்னபடி பிள்ளைகள் குழலை இறக்கினார்கள்.

செயலாளர் ஊதினார்.

ஃபூ.

நல்ல மைக். சைக்கிள் டியூபில் காற்று இறங்கும் சத்தத்தை நாலு ஸ்பீக்கரும் துல்லியமாகக் கொடுத்தன. அவர் அழுத்தி ஊதினார். ஃபூஊஊ. இன்னும் அழுத்தி ஊதினார். எச்சில் பட்டுச் சந்தனம் இளகி, குழலிலிருந்து சொட்டிப் பட்டுச் சட்டையில் மஞ்சளாக ஒரு கோடு இறங்கியது. பின்னாலேயே குங்குமம் சிவப்பாக. முன்வரிசையில் ஒரு அம்மா, "ஐயையோ, சாருக்கு ரத்தம்!" என்றாள். பிள்ளைகள் கூட்டத்தில் முதல் சிரிப்பு எங்கே கிளம்பியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கண்டுபிடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஐந்து ஸ்வரத்தையும் அவர் முழுமையாக ஊதி முடித்தார். அந்த விஷயத்தில் நெஞ்சுரம் உள்ள மனிதர். மார்கரெட் கையை உயர்த்த, பிள்ளைகள் மிச்சத்தை வாசித்தார்கள். கைதட்டல் வெகுநேரம் கேட்டது.

நீதிபதி பேசும்போது, "பிளாஸ்டிக் யுகத்தில் மரத்தின் நாதமே தனி" என்று பிள்ளைகளின் கைகளைச் சுட்டிக்காட்டினார். செயலாளர் அந்தக் கைகளை அப்போதுதான் பார்த்தார். வெற்றிலைத் தட்டோடு முன்னால் வந்த ராஜராஜேஸ்வரியிடம் அவர் தலையை ஒரு தடவை அசைத்தார். தட்டு வந்த வழியே திரும்பியது.

மத்தியானம் கூப்பிட்டு அனுப்பினார். சட்டை மாற்றியிருந்தார். மேஜைமேல் அந்த வெள்ளை உறை.

"உக்காருங்க" என்றார். ஒன்பது வருஷத்தில் அதை முதல் தடவையாகச் சொன்னார்.

"பிள்ளையளுக்கு மாத்திக் குடுத்தது தப்புன்னு சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்து மானம் காப்பாத்துனிய. சந்தனம் வச்சவனையும் ஒண்ணும் சொல்லல. அது சாமி காரியம்." முன்னால் சாய்ந்தார். "உங்ககிட்ட இருவதுதான இருந்துச்சு? எனக்குக் குடுக்க இல்லாமப் போச்சு. அப்படித்தான?"

கேள்வியிலேயே பதிலையும் வைத்து நீட்டியிருந்தார். 'ஆமா சார்' என்றால் போதும். அவருக்கும் அது வேண்டியிருந்தது. உறையைக்கூட விரலால் அரை அங்குலம் அவள் பக்கம் நகர்த்தினார். மனிதர் அன்றைக்குக் கேட்டது ஒரு பொய்தான்.

"இருவத்தொண்ணு இருந்துச்சு சார்."

"அது எங்க இருந்துச்சு?"

"என் கையிலதான்."

அவர் உறையிலிருந்து விரலை எடுத்தார்.

"எனக்குக் குடுத்திருக்கலாம்லா?"

"குடுத்திருக்கலாம்."

"ஏன் குடுக்கல?"

"நேத்து அஞ்சு நிமிசம் கேட்டேன் சார். நீங்க குடுக்கல."

அவர் உறையை எடுத்தார். கிழிக்கவில்லை, படித்த மனிதர். இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். "பரிசீலிப்போம்" என்றார். மார்கரெட் எழுந்து, அந்த மரக்குழல்களைச் சுத்தம் பண்ண வேண்டும், இப்படியே விட்டால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்றாள். வேண்டாம், அவை இனி வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கும், பிரசாதத்தோடு அப்படியே இருக்கட்டும் என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் இசக்கிமுருகன் நின்றிருந்தார். கழுத்தில் விசில். அவரும் தற்காலிகம், நாலாவது வருஷம். மார்கரெட்டைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

"டீச்சர், நான்தான் வச்சேன் சந்தனம். அங்கன ஒரு பள்ளம் இருந்துச்சா, பொட்டுக்குத்தான் வெட்டியிருக்காவன்னு நெனச்சுட்டேன். ராத்திரி பூரா, நல்லா வச்சோம்னு சந்தோசம் வேற. உங்க ஆர்டருக்கு ஒண்ணும் ஆகலையே? ஏதாவதுன்னா சொல்லுங்க, இப்பமே உள்ள போயி நான்தான்னு சொல்லிருதேன். போனா எனக்கும் வேலை போகும். போகட்டும்."

சொல்லிவிட்டு உண்மையாகவே அறைப்பக்கம் இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டை மெதுவாக வைத்தார். வீட்டில் அவருக்குக் கைக்குழந்தை.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்றாள் மார்கரெட். "ஆர்டர் போட்டாச்சு. பேரெல்லாம் டைப் அடிச்சு, கவர்ல வச்சிருக்காவ. நான் கண்ணால பாத்தேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

இசக்கிமுருகன் பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது. "மாதா காப்பாத்துனா டீச்சர். எங்க ஆத்தாளும் சேந்துதான். அப்பம் டிரீட் உண்டுலா? பெர்மனண்ட் ஆனவிய எல்லாம் சும்மா போயிரக்கூடாது."

பள்ளிக்கு எதிரே டீக்கடை. மார்கரெட் கோணிப்பையைக் கால்மாட்டில் வைத்துவிட்டு இரண்டு டீ சொன்னாள். அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆமவடை சூடா இருக்கும் போலிருக்கே. சொல்லட்டுமா டீச்சர்?"

"ரெண்டாச் சொல்லுங்க" என்றாள்.